பழி போடுவதற்கு எதிர்ச்சொல் எது?

கேள்வி. மார்ச் 3, காலை 9.40

ஏழாம் வகுப்புக்கு எதிர்ச்சொல் பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். புகழ் × இகழ், நிறை × குறை என்று போய்க்கொண்டிருந்தது. ‘பழி போடு’ வந்ததும் நின்றுவிட்டது. ஒருவர் ‘புகழ்’ என்கிறார், ஒருவர் ‘மன்னி’, இன்னொருவர் ‘விடுவி’, நாலாமவர் ‘பொறுப்பேற்றுக்கொள்’. “தமிழில் பழிபோடத்தான் நூறு சொல், பழியை எடுக்க ஒன்றும் கிடையாது” என்று ஒரு கட்சி வேறு. எது சரி?

மார்ச் 3, காலை 11.20

நாலும் சரி. ஆனால் நாலும் வெவ்வேறு கேள்விக்கு விடை. பழி, குற்றம், குறை, பிழை எல்லாவற்றையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு எதிர்ச்சொல் தேடுவதால்தான் ஆளுக்கொன்று கிடைக்கிறது.

கூடச் சேரும் வினையைப் பாருங்கள், வித்தியாசம் தானாகத் தெரியும். குற்றம் செய்யலாம். ‘பழி செய்தான்’ என்று இன்று யாரும் சொல்வதில்லை. பழியைப் போடுகிறோம், சுமத்துகிறோம். அது வருகிறது, விழுகிறது. ஒருவர் ஏற்கிறார், சுமக்கிறார், இன்னொருவர் துடைக்கிறார். அதாவது குற்றம் செய்தவர் கையில் இருக்கிறது. பழி ஊர் வாயில் பிறந்து ஒருவர் தலையில் போய் உட்காருகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘பாவம் ஓரிடம், பழி ஓரிடம்’ என்று சொல்வது இதற்குத்தான்.

குறை என்பது அளவு. நிரம்ப வேண்டியது நிரம்பவில்லை, அவ்வளவே. அதனால் அதைக் காணலாம், சொல்லலாம், வைக்கலாம் (‘சம்பந்தி வீட்டார் ஒரு குறையும் வைக்கலை’). எதிர் நிறை. பிழைக்கு எதிர் சரி. குற்றத்துக்கு எதிர் குற்றமின்மை, வழக்கென்று வந்துவிட்டால் விடுதலை. பழி என்ற பெயருக்கு எதிர் புகழ்தான், அதில் சந்தேகமே வேண்டாம்: ‘புகழ் எனின் உயிரும் கொடுக்குவர், பழி எனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்’ என்று புறநானூறு 182 இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது.

ஆனால் நீங்கள் கேட்பது பெயரை அல்ல, ‘பழி போடு’ என்ற செயலை. அதில் மூன்று தரப்பு உண்டு: போடுபவர், போடப்படுபவர், பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். போடுபவர் பக்கத்திலிருந்து எதிர்ச்செயல் பழியைத் தானே ஏற்பது. போடப்பட்டவர் பக்கத்திலிருந்து பழி நீங்குவது. ஊர்ப் பக்கத்திலிருந்து புகழ்வது. தாளில் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் ‘பழி ஏற்’ வையுங்கள். பெயர் அப்படியே இருக்க வினை மட்டும் திரும்புகிறது, பிள்ளைகளுக்கு விளங்கும்.

மார்ச் 3, மாலை 6.05

‘பழியை எடுக்கச் சொல் இல்லை’ என்ற கட்சிக்கு. நிறைய இருக்கிறது. அகராதியில் பழி என்ற தலைப்பில் தேடினால் அகப்படாது, அதுதான் விஷயம்.

பரிந்து பேசுதல்: இரக்கத்தில் பேசுவது. ‘அவனுக்குப் பரிந்து பேசினாள்.’ குற்றம் இல்லை என்று வாதிடுவதில்லை, இருந்தாலும் போகட்டும் என்கிறது.

வக்காலத்து வாங்குதல்: நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்கு வந்த சொல். கட்சிக்காரர் தன் சார்பில் வழக்காட வழக்கறிஞருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம் வக்காலத்து நாமா. வழக்கறிஞர் அதை வாங்கிக்கொள்கிறார், அதனால்தான் ‘வாங்கு’. “நீ ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குறே?” என்று அத்தை கேட்டால், உன்னை யார் கூப்பிட்டது என்ற குத்தலும் அதில் இருக்கிறது. ஆகவே இதைப் பெரும்பாலும் பிறரைப் பற்றித்தான் சொல்வார்கள். ‘நான் அவனுக்குப் பரிந்து பேசினேன்’ இயல்பாக வரும். ‘நான் வக்காலத்து வாங்கினேன்’ அரிது.

விட்டுக்கொடுக்காமல் பேசுதல்: நம்மவரிடம் குறை இருப்பது தெரிந்தும் வெளியார் முன் சொல்லாதது. இது பொய் ஆகாது, ஒருவகைக் காவல். வள்ளுவர் இதைப் பெருமையின் அடையாளமாகவே வைக்கிறார்: ‘அற்றம் மறைக்கும் பெருமை, சிறுமைதான் குற்றமே கூறி விடும்’ (980).

இந்த மறைப்பு நேர்மை தவறினால் சொல்லும் மாறுகிறது. பூசி மெழுகுவது, மழுப்புவது, சப்பைக்கட்டு கட்டுவது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. இவற்றை எதிர்ச்சொல் பட்டியலில் சேர்க்காதீர்கள். இவை பழியை நீக்குவதில்லை, வர விடாமல் தடுக்கப் பார்க்கின்றன.

மார்ச் 4, காலை 7.30

பெயர்ச்சொற்களை எவ்வளவு அடுக்கினாலும், தமிழில் பழியின் பெரும்பங்கு வினைமுடிவிலும் உருபிலும்தான் இருக்கிறது. பழி, குற்றம், தப்பு என்ற எந்தச் சொல்லும் வராமலே ஒருவரைக் கூண்டில் ஏற்றிவிடலாம், இறக்கியும் விடலாம். மொழி கற்பிப்பவர்கள் இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘உடைஞ்சுது’: யாரும் இல்லை, டம்ளர் மட்டும்.
‘உடைஞ்சுபோச்சு’: யாரும் இல்லை, கூடவே ஒரு வருத்தம்.
‘கை தவறி உடைஞ்சுபோச்சு’: கை இருக்கிறது, யாருடைய கை என்று சொல்லவில்லை.
‘என்னால உடைஞ்சுபோச்சு’: நான் காரணம், ஆனால் செய்ய நினைத்துச் செய்யவில்லை.
‘உடைச்சிட்டேன்’: நான் செய்தேன், நடந்தது நடந்துவிட்டது.
‘உடைச்சேன்’: நான் செய்தேன், அதற்கென்ன.

இந்த ஆறு படியும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் கேள்வி எப்போதும் செய்த ஆளைக் கேட்கும் பிறவினையில் வரும்: “யார் உடைச்சது?” பதில் தானாக நடந்ததாகச் சொல்லும் தன்வினையில் வரும்: “உடைஞ்சுபோச்சு.”

இலக்கணம் எளிதுதான். உடைந்தது–உடைத்தான், கிழிந்தது–கிழித்தான், முறிந்தது–முறித்தான், எரிந்தது–எரித்தான், தொலைந்தது–தொலைத்தான். மெல்லின ‘ந்த்’ வந்தால் பொருளுக்குத் தானாக நேர்ந்தது. வல்லின ‘த்த்’ வந்தால் ஓர் ஆள் வேண்டும். ‘சாவி தொலைஞ்சுபோச்சு’ என்பதற்கும் ‘சாவியைத் தொலைச்சிட்டான்’ என்பதற்கும் நடுவே ஒரு சண்டையே இருக்கிறது.

எல்லா வினைக்கும் இந்த ஜோடி கிடையாது. கொட்டு, சிந்து இரண்டையும் எடுங்கள். ‘பால் கொட்டிச்சு’, ‘பாலைக் கொட்டினான்’. வினை மாறவில்லை. ‘ஐ’ உருபு வந்து பாலைச் செயப்படுபொருளாக்கியதும் செய்தவர் தேவைப்பட்டுவிடுகிறார். இங்கே பழி இரண்டாம் வேற்றுமையில் இருக்கிறது.

மேலே ‘ஆல்’ என்று ஒன்று வந்ததே, அதோடு ‘தான்’, ‘உம்’ சேர்த்துப் பாருங்கள். ‘உன்னால இப்படி ஆச்சு’ என்பது காரணம் சொல்வது. ‘உன்னாலதான் இப்படி ஆச்சு’ மற்ற எல்லோரையும் விடுவித்து ஒருவரை மட்டும் பிடிக்கிறது. ‘உன்னாலயும்தான்’ என்றால் பழி பங்கு பிரிக்கப்பட்டது, சொல்பவரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். சண்டையை ஆற்ற நினைப்பவர்கள் செய்ய வேண்டியது பெரும்பாலும் ‘தான்’ இருந்த இடத்தில் ‘உம்’ வைப்பதுதான்.

மார்ச் 4, காலை 8.10

துணைவினைகள் விட்டுப்போயின. அவற்றில்தான் சுவை.

‘உடைச்சுத் தொலைச்சான்’: செய்ததற்கு மேல் சொல்பவரின் எரிச்சலும் சேர்ந்தது. ‘உளறி வச்சான்’: அப்போதைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் விளைவு இனிமேல் வரும், அதற்கு இவன்தான் பொறுப்பு. இந்த ‘வை’யைக் கவனியுங்கள், பின்னால் வரப்போகிற பழிக்கு இப்போதே ஆள் குறித்துவிடுகிறது. ‘சூடு போட்டுக்கிட்டான்’: பாதிப்பு அவனுக்கே, ஆகவே பழியும் அவனோடு முடிகிறது. ‘விழுந்து தொலை’ என்று கோபத்தில் சொல்வதும் உண்டு, ஆனால் அது பழி இல்லை, சாபத்தின் ஓரம்.

வாக்கியக் கடைசியில் ஒட்டும் ‘ஆம்’. ‘அவன்தான் உடைச்சானாம்.’ உடைத்தவன் மேல் பழி போகிறது, சொல்பவர் மேல் பொறுப்பு ஒட்டவில்லை. ‘எனக்கு என்ன தெரியும், சொன்னாங்க’ என்ற முழு வாக்கியத்தை இரண்டெழுத்து சுமக்கிறது. பத்திரிகையில் இதே வேலையைச் செய்வது ‘கூறப்படுகிறது’.

மார்ச் 6, இரவு 9.15

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘நாங்கள் சரி–பிழை என்கிறோம், தமிழ்நாட்டில் சரி–தப்பு என்கிறார்கள். தப்பு என்றால் தப்பி ஓடுவது அல்லவா?’

அழகான இடம். பிழை, தப்பு, தவறு மூன்றுக்கும் அடியில் ஒரே படம்: எறிந்தது குறியில் படாமல் விலகிப்போவது. ‘யானை பிழைத்த வேல்’ என்று குறள் 772-இல் வருவது யானை மேல் படாமல் தவறிய வேல். எறிந்தவர் பக்கம் பார்த்தால் அது குறி தவறியது, ஆகவே பிழை. யானைப் பக்கம் பார்த்தால் உயிர் தப்பியது, ஆகவே பிழைத்தது. ‘தப்பு’ என்பதிலும் இதே இரண்டு: தப்பு செய்தான், தப்பித்தான். ‘தவறு’ இன்னும் ஒரு படி போய், ‘பெரியவர் தவறிட்டார்’ என்று இறப்பையும் சொல்கிறது.

இதனால் ஒரு நடைமுறை விளைவு உண்டு. பிழை, தவறு, தப்பு மூன்றும் பிறப்பிலேயே மென்மையானவை. குறி வைத்தது உண்மை, பட்டது வேறிடம். குற்றம் அப்படி அல்ல. ஆகவே மன்னிப்புக் கேட்பவர் ‘பிழை பொறுக்கணும்’ என்பார்; ‘குற்றம் பொறுக்கணும்’ என்று சாமியிடம்தான் கேட்போம்.

அந்தப் ‘பொறு’வையும் பாருங்கள். பொறுத்தல் என்றால் தாங்குதல். அடுத்தவர் பிழையைத் தாங்கினால் மன்னிப்பு, தன் பங்கைத் தாங்கினால் பொறுப்பு. மார்ச் 3 கேள்வியில் ‘மன்னி’ என்றவரும் ‘பொறுப்பேற்’ என்றவரும் சண்டை போட்டிருந்தால், இருவரும் ‘பொறு’ என்ற ஒரே கருத்தின் இரண்டு கிளையில் உட்கார்ந்துகொண்டு போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 7, காலை 10.00

திட்டுவதற்கு ஊருக்கு ஊர் சொல் வேறு. பொதுவில் திட்டினார். நெல்லைப் பக்கம் ஏசினார். மதுரைப் பக்கம் வைதார், பேச்சில் ‘வஞ்சாங்க’. யாழ்ப்பாணத்தில் ஏச்சும் உண்டு, வெறும் ‘பேச்சு’ம் உண்டு. ‘அம்மா பேசினவ’ என்று ஒரு பிள்ளை முகம் வாடிச் சொன்னால், சென்னைக்காரர் ‘என்ன பேசினாங்க?’ என்று கேட்டுவிடக் கூடாது. திட்டினார் என்று பொருள்.

சாட்டு என்ற சொல் இன்னும் ஆபத்தானது. தமிழ்நாட்டில் குற்றச்சாட்டு, அடுத்தவர் மேல் போடுவது. ஈழத்தில் சாட்டு என்றால் சாக்கு, தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்வது. ‘சாட்டுச் சொல்லாதை’ என்றால் நொண்டிச்சாக்குச் சொல்லாதே என்று அர்த்தம். ஒரே சொல், கடலுக்கு இந்தப் பக்கம் வாள், அந்தப் பக்கம் கேடயம். கொங்குப் பக்கம் மாரியம்மன் கோயில் பூச்சாட்டு இரண்டுமல்ல, அது ஊரறியத் திருவிழா அறிவிப்பது. ஊரறியச் சொல்வது என்ற அளவில் குற்றச்சாட்டோடு அதற்குப் பொருத்தம் இருக்கிறது.

காவல் நிலையத்தில் கொடுப்பது தமிழ்நாட்டில் புகார், பழைய ஆட்கள் வாயில் பிராது, இலங்கையில் முறைப்பாடு. இலங்கைச் செய்தியில் ‘சந்தேகநபர்’ என்று ஒழுங்காக எழுதுகிறார்கள். இந்தப் பழக்கம் நம் பக்கமும் வர வேண்டும். ஏன் என்று தனியாக எழுதுகிறேன்.

மார்ச் 9, பிற்பகல் 2.30

நீதிமன்றச் சொற்கள். செய்தி எழுதுபவர்களும் முகநூலில் எழுதுபவர்களும் தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள், இங்கே சொல் தவறினால் ஒரு மனிதரின் வாழ்க்கை தவறும்.

குற்றவாளி என்பது தீர்ப்புக்குப் பிறகு வரும் சொல். அதுவரை குற்றம்சாட்டப்பட்டவர். தமிழ்நாட்டு நீதிமன்றத் தமிழில் ‘எதிரி’ என்றே எழுதுவார்கள், ‘1-ஆம் எதிரி, 2-ஆம் எதிரி’ என்று. அங்கே அது பகைவர் அல்ல, வழக்கில் எதிர்த்தரப்பு. இதைத் தெரியாதவர் தீர்ப்பைப் படித்துவிட்டு நீதிபதியே பகைவர் என்கிறாரே என்று மிரண்டுவிடலாம். காவல்துறை தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அது தாக்கல் ஆகிவிட்டது என்பதால் குற்றம் உறுதி ஆகிவிடவில்லை. ‘பிடிபட்ட குற்றவாளி’ என்று கைது செய்த அன்றே தலைப்பு வைப்பது நீளம் குறைவதற்காக. ‘கைதானவர்’ என்று போட்டால் அதைவிடவும் குறைவு. ஆக நீளம் ஒரு காரணமே அல்ல.

எதிர்ப்பக்கம் இன்னும் சிக்கல். ‘விடுதலை’ என்ற ஒரு சொல்லை மூன்று இடத்தில் போடுகிறார்கள். பிணையில் வெளியே வருவது ஒன்று. வழக்கு இன்னும் இருக்கிறது. விசாரணை முடிந்து குற்றம் நிரூபணம் ஆகாமல் வருவது இன்னொன்று. இதுதான் பழி நீங்கிய விடுதலை. தண்டனைக் காலம் முடிந்து வருவது மூன்றாவது. இங்கே குற்றம் உறுதியானது. மூன்றையும் ‘விடுதலை’ என்றே தலைப்பிட்டால் படிப்பவருக்கு என்ன புரியும்? பிணையில் வந்தார், வழக்கிலிருந்து விடுதலையானார், தண்டனை முடிந்து வெளியே வந்தார் என்று ஒரு சொல் கூட்டி எழுதினால் போதும். விசாரணை தொடங்குமுன்பே, போதிய முகாந்திரம் இல்லை என்று வழக்கிலிருந்து எடுத்துவிடுவது விடுவிப்பு. விடுதலை வேறு, விடுவிப்பு வேறு.

நிரபராதி என்ற சொல்லில் ஒரு பழைய பொருள் தங்கியிருக்கிறது. அபராதம் என்றால் வடமொழியில் குற்றம். தமிழில் அது குற்றத்துக்குக் கட்டும் பணமாகிவிட்டது. நிரபராதியில் மட்டும் பழைய ‘குற்றம்’ இருக்கிறது. அதனால் நிரபராதி என்பவர் அபராதம் கட்டாதவர் அல்ல, குற்றமே இல்லாதவர்.

மார்ச் 9, மாலை 5.00

‘தாக்குதலுக்கு இன்ன அமைப்பு பொறுப்பேற்றது’ என்று எழுதுவது சரியா என்று ஒருவர். வழக்கில் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. புதிய ஆட்சியர் பொறுப்பேற்றார் என்பதற்கும் இதற்கும் ஒரே வினை. பொறுப்பேற்பதில் ஒரு கடமை உணர்வு இருக்கிறது, கொன்றுவிட்டு நான்தான் என்பவரிடம் அது இல்லை. ஈழத்து ஏடுகள் ‘உரிமை கோரியது’ என்கின்றன, அதுவும் முழுத் திருப்தி தரவில்லை. ‘தாங்களே நடத்தியதாக அறிவித்தது’ என்று நேராகச் சொல்லலாம்.

மார்ச் 11, காலை 8.45

மன்னிப்புக் கடிதம், வருத்த அறிவிப்பு எழுதுபவர்களுக்காகக் கேட்டிருந்தார்கள். டம்ளர் பாடத்தை அப்படியே இங்கே பயன்படுத்தலாம்.

‘தவறு நேர்ந்துவிட்டது’: டம்ளர் தானாக உடைந்தது. ‘எங்கள் தரப்பில் தவறு நேர்ந்துவிட்டது’: இடம் சொல்லியாயிற்று, ஆள் இல்லை. ‘தவறு செய்துவிட்டோம்’: ஆள் வந்தாயிற்று. ‘இரண்டாம் தவணைப் பணத்தை உங்கள் கணக்கில் வரவு வைக்காமல் விட்டுவிட்டோம்’: என்ன தவறு என்பதும் வந்துவிட்டது. கோபத்தோடு இருப்பவர் எதிர்பார்ப்பது இந்த நாலாவதை. முதல் வாக்கியத்தை அனுப்பினால் கோபம் இரட்டிக்கும், காரணம் அவர் பிறவினையில் கேட்டார், பதில் தன்வினையில் போயிற்று.

செய்ய வேண்டியது: முதல் வாக்கியத்தில் எழுவாய் ‘நான்’ அல்லது ‘நாங்கள்’. இரண்டாவதாகச் செயலின் பெயர், பிறவினையில். மூன்றாவதாக அவருக்கு ஏற்பட்ட இழப்பு. நான்காவதாக இப்போது என்ன செய்கிறோம், எந்தத் தேதிக்குள். அதற்குப் பிறகுதான் ‘பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்’. ‘ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்’ என்ற தொடர் வேண்டவே வேண்டாம். சிரமம் ஏற்பட்டதால்தான் அவர் எழுதினார். அதில் ‘இருந்தால்’ போடுவது அவர் சொன்னதைச் சந்தேகிப்பது.

மார்ச் 11, காலை 9.20

பயிற்சித்தாள் கேட்டவர், ‘வாக்கியமாகவே கேட்கலாமா’ என்கிறார். அதுதான் நல்லது. ‘அவனாலதான் தோற்றோம்’ என்று கொடுத்து, பழியைப் பங்கு பிரித்து எழுது என்று கேளுங்கள். ‘ஏணி முறிந்தது’ என்று கொடுத்து, ஆளைக் காட்டி எழுது என்று கேளுங்கள். ஒற்றைச்சொல் எதிர்ச்சொல்லைவிடப் பிள்ளைகள் இதில் அதிகம் கற்பார்கள்.

மார்ச் 14, இரவு 8.30

பழமொழிகளைக் கொட்டியிருக்கிறீர்கள். பழி யார் மேல் போகக் கூடாது என்று சொல்பவை எவ்வளவு என்று பார்த்து மகிழ்ந்தேன்.

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’: ஏவியவரை விட்டுவிட்டுக் கருவியைப் பிடிக்காதே. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’: இடத்தைப் பிடிக்காதே. ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’: அடுத்தடுத்து நடந்ததால் முன்னது காரணம் ஆகிவிடாது. வாதத்தில் இதற்கு இணையான ஆயுதம் இல்லை, அரை வாக்கியத்தில் ஒரு தர்க்கப் பிழையை உடைக்கிறது. ‘ஒரு கை தட்டினால் ஓசை வராது’: இருவருக்கும் பங்கு. இது ஒன்றை மட்டும் எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள். வலியவர் எளியவரை அடித்த இடத்தில் இதைச் சொன்னால் அடிபட்டவர் மேலும் பாதிப் பழி போகிறது.

‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.’ இரண்டிலும் ‘உடைத்தால்’ என்ற பிறவினைதான், செயலில் வேறுபாடு இல்லை; வேறுபாடு குடத்தின் விலையில். பழியின் எடையைச் செயல் தீர்மானிப்பதில்லை, செய்தவரின் இடம் தீர்மானிக்கிறது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

‘குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை’ என்று ஔவையார் சொன்னதை வைத்து ஒருவர், ஆகவே தமிழ்ப் பண்பாடு குறை சொல்வதையே விலக்குகிறது என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. ‘நகுதற் பொருட்டன்று நட்டல்’ என்ற குறள் (784), நண்பன் எல்லை மீறும்போது முன்னே போய் இடித்துரைக்கவே நட்பு என்கிறது. அரசனுக்கோ இடிப்பார் இல்லாவிட்டால், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் (448). விலக்கப்படுவது துருவித் துருவிக் குற்றம் பார்ப்பது. முகத்துக்கு நேரே இடிப்பது வேண்டப்படுகிறது.

மார்ச் 14, இரவு 9.10

இதிலிருந்து ஒன்று. யார் யாரிடம் சொல்லலாம் என்ற ஒழுங்கும் வினையில் இருக்கிறது. கண்டிப்பது மேலிருந்து கீழே: அப்பா மகனை, தலைமையாசிரியர் மாணவனை. இடித்துரைப்பது சமமானவர் அல்லது அமைச்சர் போல அருகிலிருப்பவர். குறைபட்டுக்கொள்வது கீழிருந்து, அல்லது உரிமையோடு பக்கத்திலிருந்து. நொந்துகொள்வது யாரிடமும் சொல்ல முடியாதபோது. பழிக்கும் சொற்களிலேயே நொந்துகொள்வதில் மட்டும்தான் வலி பழிப்பவருக்கு. ‘நோ’ என்றால் வலித்தல், அம்பை நோவதும் அந்த நோவே. ‘யாரை நொந்து என்ன’ என்னும்போது பழி கிளம்பி, போக இடமில்லாமல் சொன்னவரிடமே தங்கிவிடுகிறது. ‘மகன் தந்தையைக் கண்டித்தார்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் இருந்ததாக ஒருவர் காட்டியிருந்தார். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் தமிழ்க் காதில் உறுத்தும். ‘தந்தையிடம் வருத்தப்பட்டுச் சொன்னான்’ என்றோ ‘தந்தையை எதிர்த்துக் கேட்டான்’ என்றோ இடத்துக்கு ஏற்ப வைக்க வேண்டும்.

மார்ச் 16, காலை 6.50

பலிகடாவா பழிகடாவா? பலிகடா. பலி கொடுக்கும் கடா. பழி அதன் மேல் விழுவதால் ‘பழி’ என்று நினைத்து எழுதுகிறார்கள். அதேபோல் ‘விபத்து மூன்று உயிரைப் பலிவாங்கியது’ என்பதில் லகரம், ‘பகை வைத்துப் பழிவாங்கினான்’ என்பதில் ழகரம். விபத்துக்கு யார் மேலும் பகை இல்லை என்று நினைவில் வைத்தால் மாறாது.

பைபிளை எடுத்துக்காட்டியவருக்கு: தமிழ் லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் இரண்டு கடாக்கள். ஒன்று பலி. இன்னொன்றின் தலையில் பாவத்தைச் சுமத்தி வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள், அதன் பெயர் போக்காடு. பிறர் பாவத்தைச் சுமப்பது அந்த இரண்டாவது. நம் பேச்சில் பலிகடாதான் நிலைத்தது. கிடா வெட்டைப் பார்த்த ஊர்களில் வெட்டுப்படுவதுதான் கண்முன் நிற்கும்.

‘கை கழுவுதல்’ இயேசுவை விசாரித்த ரோமானிய ஆளுநர் பிலாத்துவிடமிருந்து வந்ததா என்ற வாதம் நீள வேண்டியதில்லை. பிலாத்து கழுவியது ‘என் மேல் பழி இல்லை’ என்று காட்ட. தமிழில் ‘அவனைக் கைகழுவிட்டாங்க’ என்றால் இனி அவனோடு உறவில்லை, கைவிட்டார்கள் என்று பொருள். இரண்டையும் குழப்பினால் வாக்கியம் கோணும்.

மார்ச் 19, இரவு 10.40

‘தான்’, ‘உம்’ பற்றி எழுதியதைத் தொடர்ந்து, பழியை ஏற்பதற்குத் தமிழில் உச்சமான வாக்கியம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் பாண்டியன் சொன்னதுதான்.

‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட
யானோ அரசன் யானே கள்வன்
மன்பதை காக்கும் தென்புலங் காவல்
என்முதல் பிழைத்தது கெடுகஎன் ஆயுள்’

கொல்லன் பொய் சொன்னது உண்மை. பாண்டியன் அதை மறைக்கவில்லை. ஆனால் எங்கே வைக்கிறான் பாருங்கள்: ‘கொல்லன் சொல் கேட்ட’ என்று பெயரெச்சமாக்கித் தனக்கே அடைமொழியாக்கிவிட்டான். பயனிலை அவன் மேல்தான் வருகிறது. ‘கொல்லன் பொய் சொன்னான், அதனால் தவறினேன்’ என்றிருந்தால் செய்தி அதுவே, ஆனால் பழி கொல்லனோடு பாதியாகியிருக்கும். ‘யானோ’ என்ற ஓகாரம் தன் அரசுரிமையை இல்லையென்கிறது, ‘யானே’ என்ற ஏகாரம் கள்வனை உறுதி செய்கிறது. நாலாம் அடியில் ‘பிழைத்தது’ தன்வினைதான், தானாக நேர்ந்தது போல. முன்னே ‘என்முதல்’ வந்து அந்த வழியையும் அடைத்துவிடுகிறது.

மறுமுனையில் கம்பன். காட்டுக்குப் போ என்ற செய்தி கேட்டுக் கொதிக்கும் இலக்குவனிடம் இராமன், ‘நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை’ என்று தொடங்கி, தந்தையின் பிழையன்று, வளர்த்த தாயின் மதியின் பிழையன்று, பரதன் பிழையன்று என்று ஒவ்வொருவராக விடுவித்து, ‘விதியின் பிழை’ என்று முடிக்கிறான். எல்லா இடத்திலும் பிழைதான், குற்றம் என்ற சொல் இல்லை. கோபத்தில் இருப்பவரை ஆற்ற வேண்டுமானால் சொல்லையும் ஒரு படி கீழே இறக்க வேண்டும் என்பது கம்பனுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்து வகுப்பில் வையுங்கள். ஒன்று எல்லாப் பழியையும் தன்மேல் இழுக்கிறது, மற்றது எல்லார் மேலிருந்தும் எடுக்கிறது.

மார்ச் 20, காலை 7.15

ஒரு சின்ன விடுபாடு. ‘நூலகமே பழியாகக் கிடக்கிறான்’ என்பதில் பழி எங்கே வந்தது என்று கேட்டிருந்தார்கள். இன்றைய பேச்சில் அதற்கு ‘வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேயே’ என்ற பொருள் மட்டும்தான், யாரையும் குறை சொல்வதில்லை. ‘கதியாக’ என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. ஆனால் ‘கடன் கொடுத்தவர், வாங்கியவர் வாசலில் பழியாய்க் கிடந்தார்’ என்றால் பழைய வாசனை இன்னும் வரும்: எனக்கு ஏதாவது ஆனால் பழி உன் வாசலுக்கு. எதிர்ச்சொல் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டாம்.